காய்ச்சாத பால்

கர்மெனாவின் விடுதிக்கும், எதிரே இருந்த சால்வுவின் விடுதிக்கும் துணி வெளுத்தவள் நான் ஒருத்திதான். எலியும் பூனையுமாக இருந்த இரண்டு வீட்டு மூட்டைகளும் என் ஒரே கல்தொட்டியில்தான் ஊறின. கர்மெனாவின் விரிப்பை முதலில் கொடுத்துவிட்டால் சால்வு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். சால்வுவின் மேசைத்துணி ஒரு பிடி நீலம் கூடுதலாகப் பளிச்சென்று இருந்துவிட்டால் கர்மெனா மூன்று நாள் என்னோடு பேசமாட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு பிழைத்தேன். வாயை மூடியிருப்பது நல்ல குணம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

எங்கள் தீவின் தலைநகரான வல்லெட்டாவில் படகுத்துறையிலிருந்து மேலேறும் படிக்கட்டுத் தெரு எங்களுடையது. வெள்ளைக்காரனின் கப்பற்படை துறைமுகத்துக்குள் வந்தால் தெருவுக்கு உயிர் வரும். போய்விட்டால் பூனைகளும் நாங்களும்தான். அக்டோபர் பிறந்ததும் கப்பல் அதிகாரிகளின் மனைவிமார் பிள்ளையும் பெட்டியுமாகக் குளிர்காலத்தைக் கழிக்க வருவார்கள். அந்த ஐந்து மாதத்தில் யார் வீட்டு அறைகள் நிறைகின்றனவோ அவர்கள் மீதி ஏழு மாதம் ரொட்டியில் எண்ணெய் தடவிச் சாப்பிடலாம். நிறையாதவர்கள் ரொட்டியை மட்டும் சாப்பிடலாம்.

அதனால் போட்டி என்றால் அப்படி ஒரு போட்டி. சால்வு நீலப் பலகையில் ஆங்கிலத்தில் பெயர் எழுதி மாட்டினான். மறுவாரம் கர்மெனா அதைவிட ஒரு முழம் பெரிய பலகை மாட்டினாள். அவன் கிராமபோன் வாங்கி வைத்தான். இவள் சனிக்கிழமை தோறும் இரண்டு கிதார்க்காரர்களை வாசலில் உட்காரவைத்து முயல் குழம்பு போட்டாள். படகுத்துறையில் பயணிகளை மடக்கிக் கூட்டிவர இரண்டு பக்கமும் ஆள் உண்டு. கர்மெனாவுக்குப் படகோட்டி ஸ்பிரு. மூன்று மொழி அரைகுறையாகத் தெரியும், ஆனால் நாலு மொழியில் பொய் சொல்வான்.

சால்வுவை நாங்கள் நண்டு என்போம். எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாதவன் ஞானஸ்நானம் பெறாதவன் மாதிரி. அவன் நேராகப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நடப்பான்.

கடைசியில் அவனைக் கர்மெனா முந்தியது ஒரு ஆட்டை வைத்துத்தான். அவள் புருஷன் விஸ்தின் கோசோத் தீவிலிருந்து வாங்கிவந்த செவலை ஆடு. சுல்தானா என்று பெயர். மடி தரையைத் தொடும். காலை ஏழு மணிக்குக் கழுத்து மணி ஒலிக்க மூன்று மாடியும் தானே ஏறி ஒவ்வொரு அறை வாசலிலும் நிற்கும். விஸ்தின் குந்தி உட்கார்ந்து விருந்தாளியின் கோப்பையிலேயே கறந்து கொடுப்பான். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் இரவு உடையோடு வாசலில் நின்று சிரிப்பார்கள், ஊருக்குக் கடிதம் எழுதுவார்கள். அடுத்த வருஷம் அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் வந்து இறங்குவார்கள்.

எங்களுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஊரில் எல்லா வீட்டுக்கும் ஆடு வாசலுக்கு வந்துதான் பால். கண்ணெதிரே கறக்கவேண்டும், நுரை அடங்குமுன் குடிக்கவேண்டும். பாலைக் காய்ச்சுவது என்பது மானமுள்ள வீட்டில் கிடையாது. காய்ச்சிய பால் என்றால் நேற்றைய பால், தண்ணீர் கலந்த பால், எதையோ மறைக்கிற பால். கல்யாணப் பேச்சில்கூட "அந்த வீட்டில் பாலைக் காய்ச்சுவார்களாம்" என்று ஒரு சொல் விழுந்தால் போதும், மாப்பிள்ளை வீட்டார் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

1905-06 குளிர்காலத்தில் கர்மெனாவின் வீட்டில் தங்கியிருந்த மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தது. எங்களுக்குத் தெரிந்த காய்ச்சல்தான். ஏறும், இறங்கும், போய்விட்டது என்று நினைக்கும்போது மறுபடி வரும், மூட்டு மூட்டாக உடைத்துப் போடும். சிலர் பிழைப்பார்கள், சிலர் மாட்டார்கள். துறைமுகச் சாக்கடை நாற்றத்தால் வருகிறது என்றார்கள், தென்கிழக்குக் காற்றால் என்றார்கள். நான் கண்டது விரிப்புகளை. விருந்தாளிகளின் விரிப்பு மூலையில் சிவப்பு நூலில் ஒரு தையல் இருக்கும், வீட்டாருடையதில் இருக்காது. சிவப்பு நூல் விரிப்புகள் சில கிணற்றிலிருந்து எடுத்த மாதிரி வியர்வையில் ஊறி வந்தன. புளித்த வைக்கோல் வாடை. அதே மாதத்தில் சால்வு வீட்டு மூட்டை காய்ந்தே வந்தது. அவன் வீட்டில் ஆடு இல்லை. செலவுக்குப் பயந்து டப்பாப் பால்தான் கொடுத்தான்.

அப்போது இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. ஜூன் மாதம் படகுத்துறையில் அறிவிப்பு ஒட்டினார்களே, அன்றைக்குச் சேர்த்துப் பார்த்தேன்.

ஆட்டுப் பாலில்தான் காய்ச்சல் இருக்கிறது, படைவீரர் யாரும் அதைத் தொடக்கூடாது என்று அறிவிப்பு. ஸ்பிரு மூச்சிரைக்க வந்து சொன்னபோது என் கை தொட்டிக்குள் இருந்தது.  விரிப்புகள் எனக்கு ஏற்கெனவே சொன்னதைத்தான் டாக்டர்கள் இப்போது சொல்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்தேன்? துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டேன். கர்மெனாவின் மூட்டை சால்வுவின் மூட்டையைப்போல் இரண்டு மடங்கு. நான் விதவை. அதற்குமேல் யோசிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

சால்வு அன்று மாலையே தன் கண்ணாடி ஜன்னலில் பால் டப்பாக்களைக் கோபுரமாக அடுக்கிவிட்டான். அடுக்கி முடித்துத் தெருவில் வந்து நின்றான்.

"கர்மெனா! உன் சுல்தானாவை இப்படி அனுப்பு. என் டப்பாவை ஒருதரம் நக்கிட்டுப் போகட்டும், பாவம், உடம்பு தேறும்."

கர்மெனா படியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டப்பாவுக்குள்ள இருக்கறது எந்த மாடு, எவன் கறந்தான், எப்பக் கறந்தான், உனக்குத் தெரியுமாடா நண்டு? மாடு செத்து மண்ணாப் போயிருக்கும், அது பாலை நீ வித்துக்கிட்டிருக்க."

"மாடு செத்தா என்ன? குடிச்சவன் சாகலையே."

"வாயக் கழுவு! நாங்க பொறந்ததுலேர்ந்து குடிக்கறோம். எங்க வீட்ல எவன்டா படுத்தான்?"

"நீங்க ஆட்டோட ஆடா வளந்தவங்க. உங்களுக்கு எது ஒட்டும்? இந்தப் பால் பழகாத வயித்துக்கு ஊத்திக் காட்டு. அப்பவும் ஒண்ணும் ஆகலேன்னா நானே என் பலகையைக் கழட்டி உன் அடுப்புல வெக்கறேன்."

தெருவே சிரித்தது. கர்மெனா சிரிக்கவில்லை. உரித்த அவரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கோடையில் கர்மெனாவுக்குக் கடிதங்கள் வரத்தொடங்கின. இந்த வருஷம் வர இயலவில்லை, வேறு இடம் பார்த்துவிட்டோம். அந்த வேறு இடம் எது என்று பார்க்க அவள் தலையை நிமிர்த்தினால் போதும். செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருநாளுக்குள் சால்வு மாடியில் இன்னும் இரண்டு அறை எடுத்துக் கட்டிவிட்டான். கர்மெனாவின் பதினொரு அறைகளில் ஒன்றுகூடப் பேசிவைக்கப்படவில்லை. அவள் வாடகைக்கு எடுத்திருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் வந்து, குளிர்காலத்துக்குப் பிறகு வீட்டைச் சால்வு கேட்கிறான் என்று நயமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திருநாளுக்கு மறுநாள் தேய்த்த விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மூவரும் சமையலறையில் இருந்தார்கள். லம்புகி மீன் வரத்தொடங்கிய சமயம். மகள் பவுலினா மீனைக் கீறிக் குடலை எடுத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. வேலை செய்யும்போது தனக்குத்தானே ஏதாவது முனகிக்கொண்டிருக்கும் பெண். அவளைப் பற்றித் தெருவுக்கே தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. தாய்ப்பால் மறந்த நாளிலிருந்து எந்தப் பாலும் அவள் உடம்புக்கு ஆகாது. ஒரு வாய் உள்ளே போனால் ஒன்பது வாய் வெளியே வரும். ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தோய்த்துத்தான் கர்மெனா அவளை வளர்த்தாள்.

விஸ்தின் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். மனைவியிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அப்படித்தான் சுற்றுவான்.

"காய்ச்சித்தான் குடுப்போமே, கர்மெனா. காய்ச்சினா ஒண்ணும் பண்ணாதாம். ஸ்பிரு விசாரிச்சிட்டு வந்து சொன்னான்."

"காய்ச்சு. நல்லாக் காய்ச்சு. அப்படியே தெருவுல நின்னு, இத்தனை வருஷமா உங்களுக்கு விஷத்தை ஊத்தினேன்னு நீயே கத்திடு. நண்டுக்கு அந்த வேலையும் மிச்சம்."

"அப்படி இல்லடி..."

"எங்கம்மா அடுப்புல பால் ஏறினதில்ல. என் அடுப்புலயும் ஏறாது. பாலைக் காய்ச்சி வித்தா, ஊரு துப்பும்."

பவுலினா அடுத்த மீனைக் கீறினாள். பிறகு கர்மெனா மகளைப் பார்க்காமல் சொன்னாள்.

"பவுலினா குடிக்கட்டும்."

கத்தி நின்றது.

"நானாம்மா?"

"நண்டு என்ன கேட்டான்? பழகாத வயித்துக்கு ஊத்துன்னான். இந்தத் தெருவுல பால் பழகாத வயிறு யாருதுன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். காலையில ஏழு மணிக்கு, வாசல்ல, எல்லாரும் பாக்க. பத்து நாள் குடிச்சிட்டு நீ பத்து நாளும் சிரிச்சிக்கிட்டு நின்னா போதும். அவன் டப்பா அவன் தலையிலயே விழும்."

"வாடையே எனக்குப் பெரட்டுமேம்மா."

"மூக்கைப் புடிச்சிக்க. எலுமிச்சம்பழம் ஒண்ணு கையில வெச்சிக்க."

பவுலினா மீன் செதில் ஒட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அறை நெறைஞ்சதும் நிறுத்திடலாமா?" என்று கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

விஸ்தின்தான் என் பக்கம் திரும்பினான். "தோனா, நீ சொல்லு. ரெண்டு வீட்டு அழுக்கையும் பாக்கறவ நீ. போன வருஷம் அந்தக் காய்ச்சல்காரங்க துணி... எங்க வீட்டுதுலதான் ஏதாச்சும் இருந்துச்சா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை போதும். கர்மெனா என் கையிலிருந்த விரிப்புக் கட்டின்மேல் கையை வைத்திருந்தாள், வாங்கிக்கொள்வதற்காக.

"துணியில அழுக்குதான் தெரியும்," என்றேன். "சீக்கு எங்க தெரியும்?"

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இதைவிடச் சின்னது இல்லை. இதைவிடப் பெரியதும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு விஸ்தின் ஆட்டைப் படியில் நிறுத்திக் கறந்தான். பவுலினா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் நீல உடையில் வந்து நின்றாள். ரொட்டிக்காரன், தண்ணீர்க்காரன், கன்னியர் மடத்துக்குப் போகிற கிழவிகள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. தெரு கைதட்டியது. அவள் சிரித்துவிட்டு, நிதானமாக நடந்து உள்ளே போய்க் கொல்லையில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். நாலாம் நாள் வாந்தி நின்றது. பத்தாம் நாள் எலுமிச்சம்பழமே தேவைப்படவில்லை.

"பழகிடுச்சு தோனா அக்கா," என்று என்னிடம் சொன்னாள். "அம்மா ராத்திரி தூங்கறாங்க இப்பல்லாம்."

ஸ்பிரு படகுத்துறையில் கூவினான். பாலே குடிக்காத பெண் குடிக்கிறாள், காலை ஏழு மணிக்கு வந்து கண்ணால் பாருங்கள். வெள்ளைக்காரர்களுக்கு டாக்டரின் அறிவிப்பைவிட ஒரு பெண்ணின் சிரிப்பில் நம்பிக்கை அதிகம்போல. செப்டம்பர் கடைசியில் இரண்டு அறை நிறைந்தது, அக்டோபர் முதல் வாரத்தில் நாலு. ஆனால் குடிப்பது நிற்கவில்லை. வருகிற ஒவ்வொருவரும் அதைப் பார்க்கத்தான் வந்தார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் கோப்பையை நீட்டினார்கள். எதிர்வீட்டு கிராமபோன் காலி நாற்காலிகளுக்குப் பாடிக்கொண்டிருந்தது. சால்வு ஜன்னலுக்குப் பின்னால் நின்று பவுலினாவைப் பார்ப்பான். ஒருநாள் என்னிடம், "அந்தப் பொண்ணு வெளுத்துட்டு வருதே, தோனா. நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன், இவ புள்ளையக் கொண்டாந்து நிறுத்திட்டாளே" என்றான். நான் மூட்டையை எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் பதினைந்தாம் தேதி. தென்கிழக்குக் காற்று ஆரம்பித்து மூன்றாம் நாள். அந்தக் காற்று அடித்தால் சுவர் வியர்க்கும், உப்பு கரையும், கொடியில் போட்ட துணி போட்டபடியே கிடக்கும். கர்மெனாவின் வீட்டு மூட்டையைப் பிரித்தேன். நடுவில் சுருட்டி ஒளித்துவைத்த மாதிரி ஒரு விரிப்பு. தூக்கினால் கனத்தது. மூலையைத் தேடினேன். சிவப்பு நூல் இல்லை. மறுமூலையைப் பார்த்தேன், நாலு மூலையையும் பார்த்தேன். முகத்தருகே கொண்டுபோனேன். புளித்த வைக்கோல்.

அதைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

"பவுலினா எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன? மாடியில அறை கூட்டறா."

"இது அவ விரிப்புதானே?"

கர்மெனா என் தோளைப் பார்த்தாள். "காத்து அடிக்குது, தோனா. எனக்குந்தான் வேர்க்குது. ஊருக்கே வேர்க்குது. துணி வெளுக்கறவ வெளுத்துட்டுப் போ."

மறுநாள் இரண்டு விரிப்பு. அதற்கு மறுநாள் தலையணை உறையும். அந்த மூன்று நாளும் பவுலினா ஏழு மணிக்கு வந்து நின்று குடித்தாள். காய்ச்சலில் கன்னம் சிவந்திருந்தது. மாடியிலிருந்து இறங்கிவந்த ஒரு சீமாட்டி அவள் கன்னத்தைத் தொட்டு, பாலின் மகிமையைப் பாருங்கள், என்ன நிறம் என்று ஸ்பிருவிடம் சொன்னாளாம். அவன் அதைத் தெரு முழுக்க மொழிபெயர்த்தான். கை சுட்டதை அந்த அம்மாள் எப்படி உணராமல் போனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நாலாம் நாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஸப்பாரில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னார்கள். உண்மையில் மொட்டைமாடியில் பழைய தட்டுமுட்டுச் சாமான் போடும் அறையில் கிடந்தாள். டாக்டரைக் கூப்பிடவில்லை. டாக்டர் படியேறினால் எதிர்வீட்டுக்குத் தெரியும், எதிர்வீட்டுக்குத் தெரிந்தால் துறைமுகத்துக்குத் தெரியும். டாக்டர் காய்ச்சலின் பெயரை எழுதி சர்க்காருக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்பது அப்போது சட்டம். கர்மெனா வெந்தயக் கஷாயம் கொடுத்தாள், புனித பவுலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். பத்து நாளில் காய்ச்சல் இறங்கியது. ஈரல் வாங்கி வதக்கிப்போட்டாள், கண்ணெல்லாம் சிரிப்பாக என்னிடம், "பாத்தியா, காத்துதான்" என்றாள். பவுலினா இரண்டு நாள் கீழே வந்து குடித்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல் மறுபடி ஏறியது, முன்னைவிட மோசமாக. இடுப்பு பிடித்துக்கொண்டு, புரண்டு படுக்கக்கூட ஆள் வேண்டியிருந்தது.

நவம்பர் நடுவில் வீட்டில் பதினோரு அறையும் நிறைந்திருந்தன. அவ்வளவு பேரும் தினம் காலையில் அந்தப் பாலைத்தான் குடித்தார்கள்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் ஈர விரிப்பை வாங்க மொட்டைமாடிக்குப் போனேன். கர்மெனா அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பவுலினா முனகுவது கேட்டது. முன்னே வேலை செய்யும்போது முனகுவாளே, அந்த முனகல் அல்ல. என்னால் அதற்குமேல் தாங்கமுடியவில்லை.

"கர்மெனா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"போன வருஷம் சீக்கா கெடந்தாங்களே மூணு பேரு, அவங்க விரிப்பும் இப்படித்தான் வந்துச்சு. இதே வாடை. நண்டு வீட்டுது காஞ்சே வந்துச்சு. நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிடுச்சு. விஸ்தின் கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ரொம்ப நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோப்பிலும் சாம்பல் தண்ணியிலும் வெந்துபோன கைகள்.

"ஏன் சொல்லல?"

"மூட்டை போயிடும்னு பயந்தேன்."

"என் புள்ளைய விட உனக்கு அழுக்குமூட்டை பெருசாப் போச்சா?" என்றாள். குரல் ஏறவில்லை. பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "எனக்கும் அப்படித்தான் போச்சு. போ, தோனா. இனிமே இந்தப் படி ஏறாத."

டாக்டரைக் கூப்பிடு என்றேன். போ என்றாள். இறங்கிவந்துவிட்டேன். இரண்டு நாள் அந்த வீட்டு மூட்டை வரவில்லை. ஆனால் ஏழு மணிக்குச் சுல்தானாவின் மணி கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை கப்பல் வந்திருந்தது. நான் சால்வு வீட்டு மேசைத்துணிகளைக் கொண்டுபோகிற நேரம், ஸ்பிரு ஒரு சீமாட்டியைப் படியேற்றிக் கூட்டிவந்தான். இளம் வயது. கணவன் ஏதோ ஒரு போர்க்கப்பலில் லெப்டினன்டாம். இடுப்பில் ஒன்றரை வயது ஆண் குழந்தை, வெள்ளைத் தொப்பி, தொப்பிக்கு வெளியே சுருள் சுருளாக முடி. இரண்டு கூலியாட்கள் பெட்டிகளை இறக்கினார்கள். கர்மெனா இரண்டு அறைகளைத் தடுத்து மூன்றாக்கி இருந்தாள், இடம் இருந்தது. விஸ்தின் ஆட்டோடு வாசலில் நின்றிருந்தான். கோப்பையில் பால் நுரைத்துக்கொண்டிருந்தது. வழக்கமான கூட்டமும் இருந்தது. சால்வு தன் வாசலில் வந்து நின்றான்.

சீமாட்டி ஏதோ சொன்னாள். ஸ்பிரு கர்மெனாவிடம் திரும்பினான்.

"அந்தப் பொண்ணு எங்கேன்னு கேக்கறாங்க. இவங்க சிநேகிதி கடுதாசியில எழுதியிருந்தாங்களாம். அவ குடிக்கறதைப் பாத்துட்டுத்தான் கொழந்தைக்குக் குடுப்பாங்களாம்."

"ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லு."

ஸ்பிரு சொன்னான். சீமாட்டி கொஞ்சம் தயங்கினாள். குழந்தை ஆட்டைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டியது. சரி, பரவாயில்லை என்பதுபோல அவள் கோப்பைக்குக் கையை நீட்டினாள். கர்மெனா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கொடுக்கவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. அவள் கண் குழந்தையின் முகத்திலேயே இருந்தது.

அப்போது உள்ளே படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு படி, நிறுத்தம், ஒரு படி. பவுலினா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நீல உடையைப் போட்டிருந்தாள். அது அவள் மேல் தொங்கியது. தலையை வாரி ரிப்பன் கட்டியிருந்தாள், ரிப்பன் கோணலாக இருந்தது. மொட்டைமாடியிலிருந்து, வாசலில் பெட்டிகளை இறக்குவதைப் பார்த்திருக்கவேண்டும். மூன்று மாடியும் தனியாக இறங்கியிருக்கிறாள். வாசலுக்கு வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்து, எப்போதும் சிரிப்பதுபோலவே சிரித்தாள். பிறகு அம்மாவின் கையிலிருந்த கோப்பைக்குக் கையை நீட்டினாள்.

 சீமாட்டி ஓரடி பின்வாங்கினாள்.

கர்மெனா கோப்பையைக் கவிழ்த்தாள். பால் படியில் கொட்டி, அடுத்த படிக்கு வழிந்து, கூலியாளின் கால் வரைக்கும் போனது.

"ஸ்பிரு," என்றாள். "நான் சொல்றதை அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை விடக்கூடாது."

"கர்மெனா, வேணாம். உள்ள போய்ப் பேசிக்கலாம்."

"சொல்லுடா. இவ என் மக. ஊருக்குப் போகல. ஒரு மாசமா மேல காய்ச்சல்ல கெடக்கறா. இந்தப் பாலைக் குடிச்சுத்தான். நான்தான் குடிக்க வெச்சேன். இந்த வீட்ல தங்கற யாரும் இனிமே இதைத் தொடக்கூடாது. கொழந்தைய எதிர்வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லு. அங்க டப்பாப் பால் குடுக்கறான். நல்ல பால்."

ஸ்பிரு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் கலக்காமல் மொழிபெயர்த்தான்.  சீமாட்டி குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கர்மெனாவைப் பார்த்தாள்.  தெருவைக் கடந்து போனாள். கூலியாட்கள் பெட்டிகளைத் திரும்பத் தூக்கினார்கள். சால்வு இத்தனை வருஷமாகக் காத்திருந்த நாள் அது. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக விலகி வழிவிட்டான். மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, விருந்தாளிகள் எட்டிப்பார்த்து, என்ன என்ன என்று கேட்டார்கள். ஒருத்தி கையில் அன்றைய கோப்பை இருந்தது.

பவுலினாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அவள் கால் மடிந்தது. நான் மேசைத்துணிகளைத் தெருவில் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தேன். கர்மெனா மறுபக்கம் பிடித்தாள். இந்தப் படி ஏறாதே என்றவள் என்னைத் தள்ளவில்லை. உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்தது.

"நான் குடிச்சிருப்பேனேம்மா," என்றாள் பவுலினா. தான் தாமதமாக வந்ததால்தான் எல்லாம் கெட்டுவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். "எறங்கத்தான் நேரமாயிடுச்சு. குடிச்சிருப்பேன்."

"தெரியும்டி," என்றாள் கர்மெனா. "நீ குடிச்சிருப்ப. அதனாலதான் கொட்டினேன்."

இருவருமாக அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். விஸ்தின் ஆட்டைப் படியிலேயே விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினான்.